மியொக்குக் சாப்பிட்டீங்களா?

கொரியாவில் பிறந்தநாள் என்று தெரிந்ததும் முதலில் கேட்பது இதைத்தான். நான் ஆங்கிலம் கற்பிக்கும் நடுநிலைப் பள்ளியிலும் என் பிறந்தநாளன்று வகுப்புக்கு வகுப்பு இதே கேள்வி. மியொக்குக் என்பது கடற்பாசி சூப். கறுத்துச் சுருண்டு கிடக்கும் உலர்ந்த பாசியில் ஒரு கைப்பிடி எடுத்து ஊறவைத்தால், கரும்பச்சையாக விரிந்து பாத்திரமே நிறைந்துவிடும். அதை வறுத்த எள்ளின் எண்ணெயில் மாட்டிறைச்சியோடு வதக்கி, பூண்டும் சோயா சாஸும் சேர்த்துக் கொதிக்கவிடுவார்கள்.

பிள்ளை பெற்றவளுக்கு அங்கே கொடுக்கும் பத்தியச் சாப்பாடு இது. இரும்பும் கால்சியமும் அயோடினும் உள்ளதென்று, பேறு முடிந்ததிலிருந்து வாரக்கணக்கில் இதையே கொடுக்கிறார்கள். நம் வீடுகளில் பூண்டுக் குழம்பும் சுறாப் புட்டும் கொடுப்பதில்லையா, அப்படி. தன்னைப் பெற்றெடுத்த நாட்களில் அம்மா சாப்பிட்டதைத்தான் ஆண்டுதோறும் பிறந்தநாளில் பிள்ளை சாப்பிடுகிறது.

வயதுக்கும் பிறந்தநாளுக்கும் அங்கே அவ்வளவு ஒட்டுறவு இருந்ததில்லை. பிறக்கும்போதே ஒரு வயது. பிறகு ஜனவரி 1 அன்று ஊருக்கே சேர்த்து ஒரு வயது கூடும். டிசம்பர் 31இல் பிறந்த குழந்தைக்கு விடிந்தால் இரண்டு வயது! 2023 ஜூன் 28 முதல் சட்டப்படி நம்மைப் போலவே எண்ணுகிறார்கள். பேச்சில் பழைய கணக்கு இன்னும் போகவில்லை. வயது ஏறாத ஒரு நாளைத் தலைமுறை தலைமுறையாகக் கொண்டாடியிருக்கிறார்கள் என்பது என்னை வெகுவாக யோசிக்க வைத்தது. முப்பதைத் தாண்டிய பிறகு பிறந்தநாள் வந்தாலே வேலை, வீடு, கல்யாணம் என்று எது ஆயிற்று, எது ஆகவில்லை என்று கணக்குப் பார்க்கத் தொடங்கிவிடுகிறோம். பிறந்தோம், ஒருத்தி பெற்றாள் என்பதே கொண்டாடப் போதுமான காரணம் என்று இப்போது நினைக்கிறேன்.

பிறந்தநாளானாலும் அங்கே மாணவர்களிடமிருந்து ஆசிரியர் பரிசு வாங்க முடியாது. 2016 செப்டம்பரில் நடப்புக்கு வந்த லஞ்சத் தடுப்புச் சட்டம் அவ்வளவு கறாரானது. மே 15, மன்னர் செஜோங்கின் பிறந்தநாள், அங்கே ஆசிரியர் தினம். அன்றுகூடப் பிள்ளைகள் தனித்தனியே பூக் கொடுக்கக் கூடாது. இது நல்ல சட்டம் என்பேன்; வசதியில்லாத பிள்ளை கூசி நிற்க வேண்டியதில்லை. பரிசுக்குப் பதிலாக ஒரு பெரிய தாளில் வகுப்பே சேர்ந்து எனக்கு வாழ்த்து எழுதிக் கொடுத்தது. வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன் மூலையில் எழுதியிருந்தான்: “உங்கள் அம்மாவுக்கு நன்றி.”

இரவு அம்மாவிடம் அதைச் சொன்னேன். நட்சத்திரப்படி பிறந்தநாள் அடுத்த வாரம்தான், கோயிலுக்கு அன்றுதான் போவேன் என்றாள். (கொரியாவிலும் பெரியவர்கள் பலர் சந்திரக் கணக்கில்தான் பிறந்தநாள் பார்க்கிறார்கள்.) “என்னைப் பெத்தப்ப நீ என்னம்மா சாப்பிட்ட?” என்று கேட்டேன். அதுவரை கேட்டதேயில்லை. அவள் பேச ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. பத்தியத்துக்கு உப்புக் குறைவு, பூண்டு வாடையே பிடிக்காமல் போனது, ராத்திரி முழுக்க நான் அழுதது. அப்பாவோடு அத்தைக்குப் பேச்சே இல்லாத சமயமாம் அது. ஆனாலும் அத்தைதான் தினமும் வந்து சமைத்துப் போட்டு, என்னைக் குளிப்பாட்டியும் விட்டிருக்கிறாள். இது எனக்குத் தெரியாது. மறுநாள் அத்தைக்குப் போன் செய்தேன்.