பகடையும் போரறமும்

மேசைமீது வரைபடத்தை விரித்து, விரலளவான விமானச் சிற்றுருக்களை நகர்த்தி, பகடை உருட்டிப் போராடுவது உலகெங்கும் ஒரு பொழுதுபோக்காகியுள்ளது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தைத் தாக்கிய நிகழ்ச்சியும் இத்தகைய ஆட்டங்களுக்குப் பொருளாகியுள்ளது. மனிதர் மாண்ட களத்தை ஆடுகளமாக்குதல் அறமாகுமா?

இவ்வாட்டம் போர்வெறியை வளர்க்கும் என்பர் ஒரு சாரார். 1913இல் வெளியான 'சிறு போர்கள்' என்னும் நூலால் இதனைப் பரப்பிய எச். ஜீ. வெல்ஸ் மாறாகக் கருதினார். பொம்மைப் போரிலேயே இத்தனை தடுமாற்றமெனின், மெய்ப்போர் எத்துணை மடமை என்பதை ஆடுவோன் உணர்வான் என்பது அவர் துணிபு. இவற்றுள் எது மெய்யாகும் என்பது ஆட்டத்தைப் பொறுத்ததன்று, ஆடுவோனைப் பொறுத்தது. இதற்குத் திருகோணமலையைத் தாக்கிய கடற்படையே சான்றாகும்.

தாக்குதல் நிகழ்ந்து ஒரு மாதம் நிறையுமுன், 'யமாட்டோ' என்னும் போர்க்கப்பலில் யப்பானியத் தளபதிகள் மிட்வே படையெடுப்பை மேசையில் ஆடிப் பார்த்தனர். விமானப்படைத் தலைவர் புச்சிதா, ஒக்குமியாவுடன் இணைந்து எழுதிய நூல் அதனை விவரிக்கின்றது. பகடையின்படி ஒன்பது குண்டுகள் பட்டு, 'அக்காகி', 'காகா' என்னும் விமானந்தாங்கிக் கப்பல்கள் மூழ்கின. ஆட்டத்திற்குத் தலைமை வகித்த உகாக்கி ஒன்பதை மூன்றாக்கினார். 'அக்காகி' தப்பியது, மூழ்கிய 'காகா'வும் அடுத்த கட்டத்தில் மீண்டும் மிதந்தது. யூன் மாதத்தில் அவ்விரண்டும் வேறிரண்டும் மெய்யாகவே மூழ்கின. அந்நான்கனுள் மூன்று, திருகோணமலையைத் தாக்க வந்தவை.

பகடை வருவதுரைக்கும் சோதிடமன்று. ஆதலின் அதனை நம்பாமை குற்றமன்று; தமக்கு ஒவ்வாத சாத்தியத்தை அதிகாரத்தால் அழித்தமையே குற்றம். அதன் விலையைப் பெரிதும் கொடுத்தோர், அம்மேசையருகே இடம்பெறாத மாலுமிகள். பாரதத்துச் சூது மண்டபத்திலும் பணயமாக வைக்கப்பட்டவளின் இசைவை எவரும் கேட்டிலர்.

ஆடுபலகை மறைப்பதும் இதனையே. அதில் திருகோணமலை ஒரு கட்டம். துறைமுகத் தொழிலாளியும் அவன் குடும்பமும் அங்கில்லை. அன்றே மட்டக்களப்புக் கடலில் மூழ்கடிக்கப்பட்ட 'ஹெர்மிஸ்' ஒரு காய். அதனோடு மாண்ட 307 பேர் அங்கில்லை.

எனவே, ஆடுதல் தீதன்று. ஆயின் ஆடுவோனுக்குக் கடன்கள் இரண்டு உள: பாதகமாய் விழுந்த பகடையையும் ஏற்றல், காய்க்குப் பின்னுள்ள உயிரை எண்ணல். பலகையினின்று அகற்றிய கப்பல் மறுநாள் ஆட்டத்திற்குத் திரும்பிவிடும். 'ஹெர்மிஸ்' இன்றும் மட்டக்களப்புக் கடலடியிலேயே கிடக்கின்றது.