ஆட்டம் முடிந்தவர்கள்

வீட்டுக் குழந்தைகளோடு உட்கார்ந்து ஜப்பானியர் சிருஷ்டித்த விளையாட்டுச் சித்திரத் தொடர்களைப் பார்க்கும்போதெல்லாம், அவர்கள் கண் பந்தைத் துரத்திக்கொண்டிருக்க, என் கண் மட்டும் மைதானத்தின் ஓரத்தில் கைகட்டி நிற்கும் பயிற்சியாளரையே நாடுகிறது. அவருக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது என்பது மாத்திரம் அதற்குக் காரணமன்று. அந்தக் கதைகளில் பயிற்சியாளராக வருகிறவர் பெரும்பாலும் தம் சொந்த ஆட்டம் முடிந்துபோனவர். தமக்குக் கைகூடாத ஒன்றைப் பிறருக்குக் கற்பிக்க நேர்ந்தவர் தம் நிறைவேறாத அபிலாஷையை என்ன செய்வது என்ற கேள்வி அவர் முன் நிற்கிறது. பிள்ளை பெற்றவர்களும் பாடம் சொல்பவர்களுமான நம் எல்லோர் முன்னும் நிற்பது அதே கேள்விதான்.

1968-ல் தொடங்கிய ‘கியோஜின் நோ ஹோஷி’ என்னும் பேஸ்பால் தொடரில் வரும் இட்டெட்சு ஹோஷி, யோமியுரி ஜயண்ட்ஸ் அணியைச் சேர்ந்தவராயிருந்து, யுத்தத்தில் தோள் பழுதாகி, அணியை விட்டு விலகி, கூலிவேலை செய்து காலம் தள்ளுகிறவர். தாம் இழந்த ஸ்தானத்தில் மகன் ஹியூமா நட்சத்திரமாக ஜொலிக்க வேண்டும் என்ற ஒரே சங்கல்பத்தோடு, அந்தச் சிறுவனின் மார்பிலும் கைகளிலும் இரும்பு ஸ்பிரிங்குகளைப் பூட்டி, அன்றாட வேலைகளின்போதுகூட அவற்றை அணிந்திருக்கச் செய்கிறார். மகனும் ஜயண்ட்ஸ் அணியில் புகழ் பெறத்தான் பெறுகிறான். ஆனால் கதையின் முடிவில் அவனுடைய இடக்கை நாசமாகிறது. தகப்பன் தோளை யுத்தம் கெடுத்தது, மகன் கையைத் தகப்பனின் கனவு கெடுத்தது என்று சொன்னால் மிகையாகாது.

2012-ல் இக்கதை ‘சூரஜ்: தி ரைசிங் ஸ்டார்’ என்ற பெயரில் மும்பைச் சிறுவனின் கிரிக்கெட் கதையாக நம் நாட்டுக்கு வந்தபோது, இரும்பு ஸ்பிரிங் போய் சைக்கிள் டியூப் வந்தது. கருவி சற்றே மென்மையாயிற்று. அதைப் பூட்டுகிற மனோபாவம் நமக்குப் புதிதன்று. கோடை விடுமுறைப் பயிற்சி முகாம்களில் வலைக்குப் பின்னால் நின்றுகொண்டு, உள்ளே ஆடும் மகனைவிட அதிகமாக வியர்க்கும் தகப்பனார்களை யார்தான் பார்த்ததில்லை?

அதற்காக, ஆசையற்றவனே நல்ல ஆசான் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. ‘ஹைக்யூ’ என்னும் வாலிபால் தொடரில் குடும்பக் கடையைப் பார்த்துக்கொண்டிருக்கும் உக்காய் என்ற இளைஞரை, அவர் படித்த பள்ளியின் அணிக்கே பயிற்சியளிக்குமாறு அங்குள்ள ஆசிரியர் திரும்பத் திரும்ப வந்து வேண்டுகிறார். உக்காய் மறுக்கிறார், அந்தத் தரையில் மறுபடி கால் வைத்தால் தமக்கே ஆடத் தோன்றும், போன காலமோ திரும்பாது என்பது அவர் சங்கடம். கடைசியில் சம்மதித்து வருகிறவர் தம் ஆசையை ஒழித்துவிட்டு வரவில்லை; ஊரார் சேர்ந்து ஆடும் அணியில் அதற்கு ஓர் இடம் வைத்திருப்பதனாலேயே, மாணவர்களின் தலையில் அதை இறக்கிவைக்காமல் அவரால் இருக்க முடிகிறது.

‘ஸ்லாம் டங்க்’ என்னும் கூடைப்பந்துக் கதையின் முதியவர் அன்சாய்க்கு இந்த விவேகம் பெரும் விலை கொடுத்தே கிட்டியது. கல்லூரி அணியின் கடுமையான பயிற்சியாளராயிருந்த காலத்தில் அவர் மிகவும் நம்பிய மாணவன், கண்டிப்பைப் பொறுக்காமல் அமெரிக்கா சென்று, ஆட்டம் வளராமலே, ஐந்தாண்டுகளில் விபத்தில் மாண்டதாக அதன் ஆசிரியர் இனூயே தம் மூலச் சித்திரக்கதையில் எழுதுகிறார். பிற்பாடு ஓர் உயர்நிலைப் பள்ளியில் சாந்தமே உருவாய் அமர்ந்திருக்கும் அந்தக் கிழவரிடம், ருகாவா என்ற பையன் அமெரிக்கா போக அனுமதி கேட்கும்போது, முதலில் ஜப்பான் பள்ளி மாணவர்களில் முதல்வனாகு என்கிறார். ஆசை அவரிடம் இன்னும் இருக்கிறது. ஆனால் இப்போது அது எதிரே நிற்கும் பையனின் பக்குவத்தை அளந்து பேசுகிறது.

நம் ஆசை எந்த வகையைச் சேர்ந்தது என்று அறிய எளிய பரீட்சை ஒன்று உண்டு. பிள்ளை ஒரு நாள் மட்டையைக் கீழே வைத்து, “எனக்கு இது வேண்டாம் அப்பா” என்று சொன்னால், அப்போது நமக்குண்டாகும் துக்கம் அவனுக்காகவா, நமக்காகவா என்று கேட்டுக்கொள்வதே அது. நமக்காகத்தான் என்று தெரிந்தால், அந்த மட்டையை எடுத்துக்கொண்டு தெருக்கோடி மைதானத்துக்கு நாமே புறப்படுவது உத்தமம். அங்கே ஓர் ஆள் குறைவு எப்போதும் இருக்கும்.