கூடாரமும் குடிசையும்

கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 3000 அடி உயரத்தில், கருநாடக எல்லையை ஒட்டி அமைந்த ஓசூரைக் கடற்காற்று தீண்டுவதில்லை. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தது முதல், ஆலையின் முறைநேரப்படி உறங்கி விழிக்கும் ஊராக இது மாறிவிட்டது. இங்கே உழைத்துக் களைத்தோரில் வசதியுள்ள சிலர், மூன்று நாள் விடுமுறை கிடைத்தால் குடும்பத்தோடு கிழக்குக் கடற்கரைக்குப் புறப்படுகின்றனர். ஜியாரத்தின் பொருட்டு நம்மவர் நன்கறிந்த கோவளத்திலும், அதற்கப்பால் மாமல்லபுரம் வரையிலும், வாடகைக் கூடாரங்களில் தங்குகின்றனர். மின்விசிறி இல்லை, கைப்பேசியை அணைத்துவிடுகின்றனர், விறகடுப்பில் சோறாக்குகின்றனர். திரும்பி வந்ததும், 'எளிய வாழ்வு வாழ்ந்து பார்த்தோம்' என்கின்றனர்.

இரண்டு இரவின் எளிமை எளிமையாகுமா? அன்றி, வறுமையின் வேடத்தைச் சற்றே புனைந்து களையும் விளையாட்டா?

இதன் நன்மையை மறுப்பதற்கில்லை. தந்தையும் மகனும் விளக்கில்லா இரவில் மனம்விட்டுப் பேசுகின்றனர். ஒரு குடம் நீரின் அருமையைப் பிள்ளைகள் சுமந்து அறிகின்றனர். ஆனால், கூடாரத்திற்குச் சற்றுத் தொலைவில் மீனவர் குடியிருப்பு இருக்கிறது. கோவளத்துக் கடற்கரை 2021இல் நீலக்கொடிச் சான்று பெற்றது. அங்கே கட்டுமரமும் வலையுமாக வாழ்வோருக்கோ கடல் என்றும் பிழைப்பிடமே. கூடாரத்தைச் சுருட்டி வண்டியில் வைத்துவிடலாம். குடிசையைச் சுருட்டிக்கொண்டு அவர்கள் எங்கே செல்வது?

திருமறையின் 'அல்கஹ்ஃப்' அத்தியாயம் ஒரு மரக்கலத்தைப் பற்றிக் கூறுகிறது. மூஸா (அலை) அவர்கள் வியக்க, கிழ்ரு (அலை) அவர்கள் அதனைப் பழுதாக்கினார்கள். நல்ல கலங்களைப் பறிக்கும் அரசனிடமிருந்து அது தப்பவேண்டும் என்பதே காரணம். அதன் உடைமையாளரை மறை 'மஸாகீன்', அதாவது ஏழைகள், என்று குறிக்கிறது. ஸகாத் பெறுவோர் வரிசையில் 'ஃபகீர்', 'மிஸ்கீன்' என்னும் இரு சொற்களும் அடுத்தடுத்து வருவதால், இவ்விருவருள் யார் அதிக வறியவர் என்று சட்ட மேதைகள் ஆராய்ந்தனர். கலம் இருந்தும் அவர்கள் மிஸ்கீன்களே. ஆகவே ஃபகீரே அதிக வறியவர் என்றனர் ஷாஃபிஈகள். 'அல்பலத்' அத்தியாயம் புழுதியில் கிடப்பவனை மிஸ்கீன் என்கிறது. ஆகவே அவனே அதிக வறியவன் என்றனர் ஹனஃபிகள். இல்லாமையின் படிகளை இத்துணை நுணுக்கமாக அளந்தோர், இருப்பதை இரண்டு நாள் ஒதுக்கி வைப்பவனை எந்தப் படியிலும் வைக்கவில்லை. கூடாரத்தில் படுத்தாலும் அவன் கொடுக்கக் கடமைப்பட்டவனே!

அப்படியாயின், கூடாரம் கற்பிப்பது யாது? 'அடிப்படைத் தேவைகள்' என்று ஹனஃபி நூல்கள் ஒரு பட்டியல் தருகின்றன. குடியிருக்கும் வீடு, உடுக்கும் உடை, வீட்டுத் தட்டுமுட்டுச் சாமான், ஏறிச்செல்லும் வாகனம், தொழிலாளியின் கருவி, கற்றோனின் நூல்கள் ஆகியவற்றை ஸகாத்தின் கணக்கிலிருந்து அவை விலக்குகின்றன. தச்சனின் உளியும் மாணவனின் ஏடும் தேவை என்று சட்டம் ஏற்கிறது. வீட்டைத் துறந்து மணலில் படுக்கச் சொல்லவில்லை. வறுமையிலிருந்து பாதுகாவல் தேடிய நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், தம் குடும்பத்தாருக்குப் போதுமான உணவையே வேண்டினார்கள். வறுமையை விரும்புவது வேறு, போதுமென்ற மனம் வேறு. எது தேவை, எது மிகுதி என்னும் கணக்கை நேர்மையோடு போடக் கூடாரம் உதவுமாயின், அந்த இரண்டு இரவுகள் வீணாகா.

கடற்கரையில் தனித்திருப்பது நமக்குப் புதிதன்று. நாகூர்க் கரையில் 'சில்லடி' என வழங்கும் இடம், ஷாஹுல் ஹமீது நாயகம் அவர்கள் நாற்பது நாள் தனித்திருந்த 'சில்லா'வின் நினைவைத் தாங்குவதாக ஊர் மரபு. அந்தத் தனிமை மக்களை நோக்கித் திரும்பியது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை நாகை மாவட்டத்தில் 6000க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுசென்றபோது, நாகூர் தர்கா சமய வேறுபாடு பாராமல் புகலிடம் தந்தது; இறந்தோரை அடக்க இடமும் தந்தது.

ஓசூருக்குத் திரும்புவோரே, உங்கள் வீட்டிற்கு இரண்டு தெரு தள்ளி, வட மாநிலங்களிலிருந்து வந்த ஒப்பந்தத் தொழிலாளர் ஒற்றை அறையில் பலராக உறங்குகின்றனர். அவர்களது எளிமைக்கு விடுமுறை முடிவதில்லை. கூடாரத்தில் இல்லாமலேயே இருக்க முடிந்த பொருள்கள் எவை என்று எண்ணிப் பாருங்கள். அவற்றின் விலையில் ஒரு பங்கேனும் அந்த அறையின் வாசலை அடையட்டும். வாடகைக்கு விடுவோர் நம்மவராயின், அங்கே நீரும் கழிப்பிடமும் ஒழுங்காக உள்ளனவா என்று இன்றே சென்று பார்க்கட்டும்.