இல்லை என்பதும் தெரியாது என்பதும்

'இல்லை' என்ற சொல்லையும் 'தெரியாது' என்ற சொல்லையும் பேச்சிலே நாம் மாற்றி மாற்றி வழங்கிவிடுகிறோம். அதனால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்களை நான் சுருளி அருவிக்கு அழைப்பேன்.

மேகமலையில் பெய்யும் மழைதான் கம்பம் பள்ளத்தாக்கில் சுருளியாக விழுகிறது. மலையில் மழை கொட்டும் வேளையில் கீழே வெயில் காயலாம். ஆடி அமாவாசைக்குத் தர்ப்பணம் செய்ய வந்து அருவியில் தலை நனைப்பவருக்கு மேலே நடப்பது எப்படித் தெரியும்? வெள்ளம் பெருகினால் வனத்துறையார் குளிக்கத் தடை போடுகிறார்கள்.

மலை மழையைக் கணக்கிட்டு எச்சரிக்கும் நிரல் ஒன்றை ஒருவர் ஜாவா மொழியில் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். மழைமானியிலிருந்து 0 என்று வந்தால் மழை இல்லை என்று பொருள். கருவி பழுதாகி ஒன்றுமே வராவிட்டால்? அந்த வெறுமைக்கு ஜாவாவில் 'நல்' என்று பெயர். தமிழிலே நன்மையைச் சுட்டும் ஒலி, அங்கே ஏதுமின்மையைச் சுட்டுகிறது! அதை எண்ணாகப் பாவித்துக் கூட்ட முயன்றால், 'நல் பாயின்டர் எக்ஸெப்ஷன்' என்று கூவி நிரல் நின்றுவிடும்.

கூச்சலை அடக்க எளிய வழிகள் உண்டு. வெறுமை வந்த இடத்தில் 0 என்று போட்டுவிடலாம். அல்லது விதிவிலக்கைப் பிடிக்கும் 'கேட்ச்' பகுதியை வெறுமனே விட்டுவிடலாம். திரையில் அமைதி நிலவும். யாரும் வாய் திறந்து பொய் சொல்லவில்லை; ஆயினும் 'தெரியாது' என்பது 'மழை இல்லை' என்று மாறிக் கீழே இறங்கிவிட்டது. இதையும் பொய் என்றே நான் கருதுகிறேன்.

இந்த வெறுமைக் குறியை 1965இல் அல்கால் டபிள்யூ மொழியில் புகுத்தியவர் டோனி ஹோர் என்ற அறிஞர். செய்வதற்கு எளிதாக இருந்ததால் செய்தேன் என்று கூறி, 2009இல் அதை 'நூறு கோடி டாலர் தவறு' என்று அவரே வருணித்தார். 2014இல் வந்த ஜாவா 8, 'ஆப்ஷனல்' என்ற வகையைத் தந்தது. 'இதற்குள் ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம்' என்று பெயரிலேயே அது சொல்லிவிடுகிறது.

அப்படியானால் ஒரு மானி பழுதானதற்காக எச்சரிக்கை ஏற்பாடு முழுவதும் நின்றுபோக வேண்டுமா? வேண்டாம், அதுவும் ஆபத்துத்தான். ஜாவாவிலேயே இதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. தன்னால் தீர்க்க முடிந்த பிழையைத் தானே தீர்க்கலாம். முடியாததைத் தன்னை அழைத்த பகுதிக்கு அனுப்பிவிடலாம். அது தீர்க்கவல்லவரிடம் போய்ச் சேரும்வரை மேலே ஏறிக்கொண்டே இருக்கும். ஆகவே 'மலை நிலவரம் தெரியவில்லை' என்ற செய்தி, அருவிக் காவலர்வரை அப்படியே போய்ச் சேரட்டும். தெரியும்வரை யாரையும் நீரில் இறங்க விடாமல் நிறுத்தி வைக்க அவருக்குத் தெரியும்.

நம் அலுவலகங்களிலும் இல்லங்களிலும் நிரப்பப்படாத கட்டங்கள் எத்தனையோ! அறியாதது குற்றமாகாது. அறியாததை அறிந்ததுபோல் எழுதி அடுத்தவர் கையில் கொடுக்கும்போது, அதன் விலையை அவர் தலையில் சுமத்துகிறோம். 'தெரியாது' என்று எழுத வெட்கப்படாத கைதான் நம்பத் தகுந்த கை.