யாருடைய சராசரி?

ஒருவரின் மனம் நலமாக இருக்கிறதா என்று சொல்ல வேண்டுமானால், நலமான மனம் எப்படி இருக்கும் என்று அதற்கு முன்பே யாரோ முடிவு செய்திருக்க வேண்டும். அந்த யாரோ யார் என்பதுதான், உளவியல் வினாத்தாள்களை வகுப்பில் எடுக்கும்போதெல்லாம் என்னை நிறுத்திவைக்கும் கேள்வி.

எம்.எம்.பி.ஐ. என்ற புகழ்பெற்ற வினாத்தாளைப் பொறுத்தவரை இதற்குத் தெளிவான பதில் இருக்கிறது. 1940களின் தொடக்கத்தில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஹாதவே என்ற உளவியலாளரும் மெக்கின்லி என்ற மருத்துவரும் அதை உருவாக்கினார்கள். ஐநூறுக்கும் மேற்பட்ட வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் சரி அல்லது தவறு என்று பதில். எது இயல்பு என்று தீர்மானிக்க 724 பேரை எடுத்துக்கொண்டார்கள். பெரும்பாலும் பல்கலைக்கழக மருத்துவமனைக்கு நோயாளிகளைப் பார்க்க வந்த உறவினர்களும் நண்பர்களும். ஏறத்தாழ எல்லோரும் வெள்ளையர்கள், சராசரியாக எட்டாம் வகுப்புவரை படித்தவர்கள். 1989இல் திருத்திய பதிப்பு வரும்வரை, இந்தத் தாளை நிரப்பிய கைதியும் வேலை தேடி வந்தவளும் இவர்களோடுதான் ஒப்பிடப்பட்டார்கள்.

அதன் ஐந்தாவது அளவுகோலின் பெயர் 'ஆண்மை – பெண்மை'. ஆண்களிடையே தன்பால் ஈர்ப்பைக் கண்டுபிடிக்கவே அதைத் தொடங்கினார்கள். அன்றைக்கு அது நோய். ஆதாரமாக நின்றவர்கள் தன்பால் ஈர்ப்புள்ள 13 ஆண்கள் (ஆம், பதின்மூன்றே பேர்). ஒப்பிடுவதற்கு 54 படைவீரர்களும் விமான நிறுவனத்தில் வேலை பார்த்த 67 பெண்களும். பெண்களுக்கு என்ன செய்தார்கள்? ஆணுக்கு வைத்த அளவுகோலைக் கவிழ்த்து வைத்தார்கள். சமையல் பிடிக்கும் என்று ஆண் சொன்னால் அவனுடைய கோடு ஏறும், பெண் சொன்னால் இறங்கும். இயந்திரங்களைப் பற்றிய பத்திரிகை பிடிக்கும் என்று அவள் சொல்லிவிட்டாலோ, கோடு ஏறிவிடும்.

யாரையும் நம்பாமல் இருப்பதே பாதுகாப்பு என்ற பொருளில் ஒரு வாக்கியமும் அதில் உண்டு. இனப் பாகுபாட்டுச் சட்டங்களின் கீழ் வளர்ந்த கறுப்பினப் பெண் ஒருத்தி அதற்கு 'சரி' என்று குறித்தால், அது சந்தேக நோயா, அனுபவ அறிவா? 1972இல் மால்கம் கிந்தர் ஏறத்தாழ இதைத்தான் கேட்டார். கறுப்பின மக்கள் சில அளவுகோல்களில் உயர்ந்த எண் பெறுவது நோயைக் காட்டவில்லை, வேறுபட்ட வாழ்வைக் காட்டுகிறது என்பது அவர் வாதம். கல்வியையும் வருமானத்தையும் சமமாக்கிப் பார்த்தால் அந்த வேறுபாடு பெரிதும் குறைகிறது என்று பின்னால் வந்தவர்கள் மறுத்தார்கள். எனக்கு அது மறுப்பாகவே தோன்றவில்லை. கல்வியும் வருமானமும் ஏன் சமமாக இல்லை என்பதும் அதே கதைதானே.

அப்படியானால் ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனிச் சராசரி வைத்துவிடலாமா? நியாயமாகத் தெரியும் இந்த வழியைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். ஆணுக்கும் பெண்ணுக்கும் இந்த வினாத்தாளில் நெடுங்காலம் தனித்தனிச் சராசரிதான் இருந்தது. மனச்சோர்வைப் பற்றிய வாக்கியங்களுக்குப் பெண்கள் ஆண்களைவிட அதிகமாக 'சரி' என்கிறார்கள். பெண்ணைப் பெண்களோடு மட்டும் ஒப்பிட்டால், எல்லாப் பெண்களுக்கும் பொதுவான துயரம் கணக்கில் கழிந்துபோகிறது. ஒரே பதில்களைத் தந்த ஆணும் பெண்ணும் வருகிறார்கள். ஆணின் எண் கவலைப்படும்படி நிற்கிறது, பெண்ணின் எண் அதற்குக் கீழே. பெண்ணென்றால் இவ்வளவு அழுவது வழக்கம்தானே என்று வீட்டில் சொல்வதை எண்களும் சொல்கின்றன. இனத்துக்கும் தனிச் சராசரி வைத்தால், ஒரு மக்களின் அச்சமும் இப்படியே இயல்பாகிவிடும்.

வேலைக்கு ஆள் எடுக்கும் தேர்வுகளில் இனம், பால் பார்த்து எண்ணை மாற்றக் கூடாது என்று அமெரிக்காவின் 1991 குடிமை உரிமைகள் சட்டம் தடுத்தது. 2008இல் வந்த பதிப்பில் இரு பாலாருக்கும் ஒரே சராசரி. ஆண்மை – பெண்மை அளவுகோலும் போய்விட்டது. இயந்திரங்களில் ஆர்வம் அந்தப் பதிப்பில் வெறும் ஆர்வமாகத் தங்கியிருந்தது.

இப்போது அவள் துயரம் முழு உயரத்தில் தாளில் தெரிகிறது. தெரிய வேண்டியதுதான். ஆனால் அந்தத் தாளின் தலைப்பில் இருப்பது அவள் பெயர் மட்டும். அவள் வீட்டையோ, முதலாளியையோ, தெருவையோ எந்த அளவுகோலும் அளப்பதில்லை. சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறவளும் அவள்தான்.