சுவரின் விரிசலும் வினைப்பயனும்

போர்ட்டிக்சன் பட்டணத்தைக் கடந்து தெலுக் கெமாங் நோக்கிச் செல்லும் கடற்கரைச் சாலையில் இருக்கும் சி ரூசாவிலும், அதற்கு உட்புறமாக லின்சம், சிலியாவ், சுவா பெத்தோங், பிராட்வால் என்று நம் மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பெயர் சொல்லி வரும் ரப்பர்த் தோட்டங்களிலும், சொந்த வீடு என்பது மிகவும் பிற்காலத்தில் வாய்த்த பாக்கியமாகும். பால்மரம் வெட்டியவனுக்குத் தோட்ட நிர்வாகம் கொடுத்த லயத்து வீடு வேலையை ஒட்டியே வந்தது. வேலை நின்ற அன்று அதுவும் கையை விட்டுப் போயிற்று. பிள்ளைக்குத் தொட்டில் கட்டிய உத்தரமும், பெற்றவர்களின் உயிர் பிரிந்த அஞ்சடியும் பிறருக்கு உரியனவாகவே இருந்தன. தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டு முதலாளிகள் வெளியேறத் தொடங்கிய காலத்தில், பின்னாளில் துன் பட்டம் பெற்ற வீ. தி. சம்பந்தன் தோட்டந்தோறும் சென்று, தொழிலாளரிடம் மாதம் 10 வெள்ளி வீதம் பங்குப் பணம் திரட்டி, 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். மறு வருஷமே கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் தோட்டம் அச்சங்கத்தின் சொத்தாயிற்று. காலடி மண் தனக்கே உரியதாகக் கூடும் என்ற எண்ணம் நம்மவர் உள்ளத்தில் வேர்கொண்டது அப்போதுதான் என்பது என் அபிப்பிராயம்.

அந்த எண்ணத்தின் வழியே நடந்து, ஊழியர் சேமநிதியில் பல்லாண்டு சேர்ந்த பணத்தையும், மகளுக்கென்று எடுத்து வைத்த நகையையும், முதுமை வரை கட்டித் தீர வேண்டிய வங்கிக் கடனையும் ஒன்றுகூட்டி, தோட்டத்தை அழித்து எழுப்பிய தாமான் ஒன்றில் வீடு வாங்கி, கணபதி ஹோமம் செய்து பால் காய்ச்சிக் குடிபுகுந்த ஒருவன், சில மழைக்காலங்கள் கழித்துப் படுக்கையறைச் சுவரில் நூலிழைபோல் ஓடிய கோடு விரல் நுழையும் பிளவாக விரிந்திருப்பதைக் காண்கிறான். பள்ளத்தில் மண்ணடித்து உயர்த்திய நிலம் சரிவர இறுகுமுன் அதன்மேல் வீட்டைக் கட்டினால், ஒரு பக்கம் அமிழ்ந்து மற்றொரு பக்கம் நின்று சுவர் பிளப்பது இயற்கை. வெட்டிய ரப்பர் மரங்களின் அடிக்கட்டைகள் மண்ணுக்குள்ளேயே புதையுண்டு கிடந்தால், அவற்றைத் தின்று வளர்ந்த கறையான் அடுத்தபடியாக நிலைக்கதவைத் தேடி வருகிறது. கடற்கரையை ஒட்டிய இடங்களிலோ உப்புக் காற்றும், கழுவாமல் கலந்த உப்பு மணலும் கான்கிரீட்டின் உள்ளிருக்கும் இரும்புக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கின்றன. துருவானது இரும்பைக் காட்டிலும் பன்மடங்கு பருமன் கொள்வதாகையால், தன்னை மூடிய கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளந்து தள்ளுகிறது. இவற்றுள் எதுவும் வீடு பார்க்கப் போன அன்று கண்ணுக்குத் தெரிவதில்லை. பூச்சும் சாயமும் மூடியிருக்கின்றன. பழுது பார்க்க ஆகும் செலவோ, வாங்கியவனுடைய எஞ்சிய ஆயுளின் சம்பாத்தியத்தையே கேட்கிறது.

அப்பொழுது அவன் வாயிலிருந்து எழும் முதல் வார்த்தை, பெரும்பாலும், 'நான் வாங்கி வந்த வரம்' என்பதாகவே இருக்கிறது. உற்றாரும் அதற்கேற்பவே பேசுகிறார்கள்; வாசல் தவறான திசையில் இருக்கிறதென்றும், குடிபுகுந்த முகூர்த்தம் பொருந்தவில்லை என்றும், குலதெய்வத்துக்குச் செய்யவேண்டியது நின்றுபோயிற்று என்றும் தோஷங்கள் கூறப்பட்டுப் பரிகாரங்கள் விதிக்கப்படுகின்றன. தெய்வத்தினிடம் முறையிடுவதை நான் ஒருநாளும் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் இங்கே ஒரு சமயப் பிரச்சினை இருக்கிறது. மண்ணை இறுக்காமல் வீடு கட்டியவனும், விரிசலைப் பூசி மறைத்து விற்றவனும் உலகில் இருக்க, அவர்கள் செய்த காரியத்தின் விளைவை நம் பூர்வ ஜன்ம வினை என்று ஏற்றுக்கொண்டு வாய்மூடி இருப்பதுதான் வினைக் கோட்பாடு நமக்குப் போதிக்கும் தர்மமா என்பதே அது.

13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதத்தின் பன்னிரண்டு சூத்திரங்களில் நிலைநாட்டிய சைவ சித்தாந்தம், வினையைச் சஞ்சிதம், பிராரப்தம், ஆகாமியம் என மூவகையாகப் பகுத்துக் காட்டுகிறது. முன்பு ஈட்டிக் குவித்தது சஞ்சிதம். அதிலிருந்து இப்பிறவியில் நுகர்வதற்கென வந்தது பிராரப்தம். அதை நுகரும்போதே புதிதாக ஏறுவது ஆகாமியம். நம் ஜனங்கள் இம்மூன்றில் நடுவிலுள்ளதை மட்டுமே நினைவில் வைத்துக்கொண்டு மூன்றாவதை மறந்துவிட்டார்கள் என்பதே என் வருத்தம். வீட்டைப் பறிகொடுத்தவனுடைய துன்பம் அவனுக்குப் பிராரப்தம் என்றே வைத்துக்கொள்வோம். அந்தத் துன்பத்தை உண்டாக்கிய வஞ்சனை, அதைச் செய்தவனுக்குப் பிராரப்தமன்று, அன்றைக்கு அவன் தன் இச்சையாலே ஈட்டிய ஆகாமியம். ஒரே விரிசல், வாங்கியவன் பக்கம் நுகர்வினையாகவும் மறைத்தவன் பக்கம் ஏறுவினையாகவும் நிற்கிறது. பாதிக்கப்பட்டவனிடம் போய் 'உன் விதி' என்று சொல்பவர், முதற் பாதியைச் சொல்லி மறு பாதியை விழுங்கிவிடுகிறார். அதனால் வஞ்சித்தவனுக்குச் சமயத்தின் பெயரால் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தவராகிறார். இது சித்தாந்தத்துக்கு விரோதமானது என்று நான் துணிந்து கூறுவேன். மேலும், துன்பம் வந்தபோது அதை அனுபவிக்கிறவன் என்ன செய்கிறான் என்பதும் அவனுடைய ஆகாமியமே ஆகையால், வாளாவிருப்பதும் ஒரு செயலாகவே எண்ணப்பட வேண்டும்.

வினைக்கோட்பாட்டை நம்மைவிடக் குறைவாக நம்பியவர் என்று யாரும் சொல்ல இயலாத கௌதம புத்தர், சம்யுத்த நிகாயத்திலுள்ள சீவக சூத்திரத்தில், மோலிய சீவகன் என்னும் துறவி, மனிதன் நுகரும் இன்ப துன்பமெல்லாம் முன் செய்ததன் பயனே என்று சிலர் சொல்கிறார்களே என்று கேட்டபோது, பித்தம், கபம், வாதம், இவற்றின் கூட்டு, பருவ மாறுதல், பேணாமை, பிறர் செய்யும் கொடுமை என ஏழு காரணங்களை எண்ணி, வினைப்பயனை எட்டாவதாகவே வைத்தார். எல்லாம் பழவினை என்பவர்கள் தாமே நேரில் அறியக்கூடியதையும் உலகம் அறிந்ததையும் மீறிப் பேசுகிறார்கள் என்பது அவருடைய தீர்ப்பு. துருப்பிடித்த கம்பி பிரத்தியட்சமாகத் தெரியும்போது அதற்கு அப்பால் அதிருஷ்டத்தைத் தேடவேண்டுவதில்லை. திருவள்ளுவரும் ஊழை 38-ஆம் அதிகாரத்தில் வைத்து அறத்துப்பாலை முடித்தாரேயன்றி நூலை அங்கே முடித்துவிடவில்லை. 62-ஆம் அதிகாரத்தில் ஆள்வினை உடைமையையும், அதை அடுத்தே இடுக்கண் அழியாமையையும் வைத்தார். துன்பத்தில் மனம் உடையாமை முயற்சிக்குப் பின்னே வரும் குணமாக அங்கே நிற்கும் இந்த வைப்புமுறை நமக்குப் பெரிதும் உரியது.

விற்பவன் தன் வீட்டின் குறையைச் சொல்லக் கடமைப்பட்டவனா என்ற கேள்வியை, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே உரோமாபுரிச் சிசரோ, கி.மு. 44-இல் தம் மகனுக்கு எழுதிய கடமைகள் பற்றிய நூலின் மூன்றாம் பகுதியில் எடுத்து ஆராய்ந்திருக்கிறார். மரம் உளுத்து, விஷ ஜந்துக்கள் புகுந்து, இடிந்து விழும் நிலையிலுள்ள ஒரு வீட்டின் குறைகள் உடையவனுக்கு மட்டுமே தெரியும்; அவன் அவற்றைச் சொல்லாமல் விற்றால் அநீதியா? சொல்லாதிருத்தல் வேறு, மறைத்தல் வேறு என்றும், வாங்குகிறவனை யாரும் கட்டாயப்படுத்தவில்லையே என்றும் பாபிலோனியராகிய தியோகேனசு வாதிக்க, வழி தவறியவனுக்கு வழி காட்டாமல் போவதைக் காட்டிலும் கொடியது, ஒருவன் அறியாமல் தவறான வழியில் விழும்படி தெரிந்தே விடுவது என்று அவருடைய சீடராகிய அந்திப்பத்தர் மறுக்கிறார். சிசரோ சீடரின் பக்கமே நிற்கிறார். தனக்குத் தெரிந்தது வாங்குகிறவனுக்குத் தெரியாமல் இருக்கவேண்டும் என்று லாபத்தின் பொருட்டு விரும்புவதே மறைத்தல் என்பது அவர் கருத்து.

அவர் காட்டும் வழக்கு இன்னும் தெளிவானது. சேலியன் குன்றில் கிளாதியசு செந்துமாலசு என்பவனுடைய உயர்ந்த வீடு நிமித்தம் பார்ப்பதற்குத் தடையாயிருந்தது என்று கூறி, அதைக் குறைத்துக் கட்டும்படி நிமித்திகர்கள் கட்டளையிட்டார்கள். அவனோ கட்டளையை வெளியிடாமல் வீட்டைக் கல்பூர்னியசு லனாரியசு என்பவனுக்கு விற்றுவிட்டான். வாங்கியவனுக்கும் அதே கட்டளை வர, அவன் இடித்துவிட்டு நியாயம் கேட்டான். விற்றவன் அறிந்திருந்தும் சொல்லவில்லையாகையால் நஷ்டத்தை அவனே ஈடுசெய்ய வேண்டும் என்று நடுவராயிருந்த கேட்டோ தீர்ப்பளித்தார். நிமித்தத்தையும் தெய்வ சங்கற்பத்தையும் உறுதியாக நம்பிய அந்த ஜனங்களில் ஒருவரும், இது லனாரியசின் தலைவிதி என்று அந்த வழக்கைத் தள்ளிவிடவில்லை.

நம் மனுஸ்மிருதியும் வாங்கி விற்றதற்குப் பின் மனம் மாறுதலைப் பதினெட்டு வியவகாரங்களுள் ஒன்றாக வைத்துப் பத்து நாள் தவணை தருகிறது. நம்மோடு வாழும் மலாய் மக்களின் இஸ்லாமிய நெறியிலோ, குறையுள்ள பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை ஒரு தனித் தத்துவமாகவே வளர்ந்திருக்கிறது. நனைந்த தானியத்தை அடியிலிட்டு உலர்ந்ததை மேலே குவித்திருந்த வியாபாரியை, நனைந்ததை ஜனங்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று நபிகள் நாயகம் கண்டித்ததாக வரும் வரலாறு, சாயம் பூசி விற்கும் வீட்டுக்கும் அப்படியே பொருந்தும்.

இந்தக் கண்டிப்பு ஒரு கட்டத்தில் பாதிக்கப்பட்டவனையும் நோக்கித் திரும்புகிறது. இந்த விஷயத்தில் ஆன்மாவுக்கு உண்மையான சோதனை அங்கேதான் என்று நினைக்கிறேன். பழுது பார்க்கப் பணமில்லாதவனிடம் யாரோ ஒருவர் வந்து, பிளவில் சாந்தைப் பூசி, வெள்ளையடித்து, மழைக்காலம் வருமுன் விற்றுவிடு என்று ஆலோசனை சொல்வார். வாங்க வருகிறவனும் நேற்றுவரை பால்மரம் வெட்டியவனாகவே இருப்பான். தனக்கு நேர்ந்த அநியாயத்தை அப்படியே இன்னொருவன் தலையில் இறக்கி வைத்துவிட்டு மாரியம்மன் சந்நிதியில் நன்றிக் கற்பூரம் ஏற்றுவது சாத்தியமே; ஆயினும் அந்தக் கணத்தில் அவன், தன்னை வஞ்சித்தவன் நின்ற இடத்திலேயே வந்து நிற்கிறான். மறுத்து, உள்ளதைச் சொல்லி, குறைந்த விலைக்கு விற்பவன் நஷ்டமடைகிறான் என்பது மெய்தான். அந்த நஷ்டத்தோடு ஒரு வஞ்சனையின் தொடர் அற்றுப் போகிறது. பெரிய யாகங்களைவிட இதை உயர்ந்த பிராயச்சித்தமாக நான் மதிக்கிறேன்.

விதி என்ற சொல்லால் ஒரு சமூகம் எவ்வளவு தூரம் தன் கையைக் கட்டிக்கொள்ளக்கூடும் என்பதை எண்ணும்போது இரண்டு நிகழ்ச்சிகள் நினைவுக்கு வருகின்றன. 1993-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் நாள், உலு கிளாங்கில் ஹைலண்ட் டவர்ஸ் என்ற அடுக்குமாடிகளுள் ஒன்று, பின்னிருந்த குன்று மழையில் சரிய, அடியோடு சாய்ந்து 48 உயிர்களைக் கொண்டுபோயிற்று. எஞ்சிய இரு கட்டடங்களின் வீட்டுக்காரர்கள் இதை இயற்கையின் செயல் என்று விட்டுவிடாமல் வழக்காடி, கட்டியவரும் வரைந்தவரும் பொறுப்பாளிகளே என்று 2000-இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பைப் பெற்றார்கள். நகராண்மையின் பொறுப்பை மட்டும் 2006-இல் கூட்டரசு நீதிமன்றம் நீக்கிவிட்டது. மற்றொன்று நம்மவரைப் பற்றியது. புத்ராஜெயாவுக்காக நிலம் எடுக்கப்பட்டபோது, பிராங் பெசார் முதலிய தோட்டங்களின் தொழிலாளர்கள் டிங்கில் வட்டாரத்துத் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். சுவர்களில் விரிசல் கண்டபோது அவர்கள் அமைதியாக இருந்துவிடவில்லை. வாக்களிக்கப்பட்ட தரைவீட்டைக் கேட்டு இருபது ஆண்டுகளுக்கு மேலாக அவர்கள் எழுதிய மனுக்களும் கூடிய கூட்டங்களும் ஆள்வினையே அன்றி வேறல்ல. முன்னோர் கோயிலில் வழிபட்டுக்கொண்டே அதைச் செய்தார்கள்.

ஆகையால் சி ரூசாவிலும் அதைச் சூழ்ந்த தாமான்களிலும் வீடு வாங்கியிருக்கும் அன்பர்களுக்கும், கோயில் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். மேம்பாட்டாளரிடம் புதிதாக வாங்கிய வீட்டில் குறை கண்டால், சாவி ஒப்படைக்கப்பட்ட நாளிலிருந்து 24 மாதங்களுக்குள் எழுத்து மூலம் தெரிவித்தால், 30 நாட்களுக்குள் தம் செலவில் பழுது பார்க்க அவர் கடமைப்பட்டவர். அவர் செய்யாவிடில், வீடு வாங்குவோர்க்காக 2002-இல் ஏற்பட்ட நடுவர் மன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலே முறையிடலாம். அந்த 24 மாதங்கள் முடிந்தபின் 12 மாதங்கள் வரை அதற்கு அவகாசம் உண்டு. அதற்கும் பிற்பட்டு வெளிப்படும் மறைகுறைகளுக்காக, 2019 செப்டம்பர் முதல் நடப்பிலுள்ள காலவரையறைத் திருத்தச் சட்டம், கவனக்குறைவு பற்றிய வழக்குகளில், குறையை அறிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் தருகிறது. மொத்தத்தில் 15 ஆண்டுகளைக் கடக்கலாகாது. ஒப்பந்தம் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருப்பதால், இந்த நாட்கணக்கு நம் முதியவர்களுக்குத் தெரியாமலே கடந்துபோகிறது. வெள்ளிக்கிழமை பூஜை முடிந்து ஜனங்கள் பிரசாதம் பெறும் வேளையில், படித்த இளைஞர் ஒருவரைக்கொண்டு இதைத் தமிழில் வாசித்துச் சொல்லச் செய்யுங்கள். புகார்க் கடிதம் எழுதத் தெரியாதவருக்குக் கோயில் மண்டபத்திலேயே அமர்ந்து எழுதிக் கொடுங்கள்.