சாம்பல் பெயின்ட்டும் சட்டமும்

பிரேசிலில் விற்பனைக்கு வரும் ஸ்பிரே பெயின்ட் டப்பா ஒவ்வொன்றிலும் ஓர் எச்சரிக்கை அச்சாகியிருக்க வேண்டும்: சுவரில் கிறுக்குவது குற்றம், 18 வயது நிரம்பாதவருக்கு இதை விற்கக் கூடாது. 2011-இல் செய்த சட்டத் திருத்தம் கொண்டுவந்த ஏற்பாடு இது. மூலச் சட்டம் 1998-ஆம் ஆண்டினது. காட்டை அழிப்பவர்களுக்கும் ஆற்றில் நஞ்சைக் கலப்பவர்களுக்கும் தண்டனை விதிக்கும் அதே சுற்றுச்சூழல் குற்றச் சட்டம், தன் 65-ஆம் பிரிவில் சுவரில் வரைபவரையும் சேர்த்துக்கொண்டு, 3 மாதம் முதல் 1 ஆண்டு வரை சிறை என்றது. தொடக்கத்தில் கிராஃபிட்டி ஓவியமும் கிறுக்கலும் அதற்கு ஒன்றுதான். 2011-இல் இரண்டையும் பிரித்தார்கள். கட்டடத்துக்கு மதிப்புக் கூட்டும் கலை வெளிப்பாடாக, உரிமையாளர் சம்மதத்தோடு வரைந்தால் அது கிராஃபிட்டி, குற்றமில்லை. மற்றதெல்லாம் குற்றம். சாவோ பாவ்லோ நகரத்தில் அந்த ‘மற்றது’ எது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. பிஷசாவோ என்று அங்கே அழைக்கப்படும் அந்த எழுத்து, ஒல்லியாக, நெடிதாக, கூர்முனைகளோடு, ஹெவி மெட்டல் இசைத்தட்டு உறைகளின் எழுத்துருவை நினைவூட்டும். நகரின் புறஞ்சேரி இளைஞர்கள் கயிறோ ஏணியோ இல்லாமல் அடுக்குமாடிகளில் தொற்றி ஏறி, ரோலரைக் கறுப்புப் பெயின்ட்டில் தோய்த்து எழுதுவது. வழிப்போக்கருக்கு அதில் ஓர் எழுத்தும் புரியாது. எழுதியவனின் கூட்டாளிகளுக்குப் புரியும். அவனுக்கு அது போதும். இந்தச் சட்டம் அறத்துக்கு உகந்ததா என்று கேட்டால், பாதி உகந்தது என்பதே பதில். சம்மதம் கேட்கும் பாதி நியாயமானது. கலையா கிறுக்கலா என்று தரம் பிரிக்கும் பாதி நியாயமற்றது. அந்த இரண்டாம் பாதி, முதல் பாதியின் நியாயத்தையும் சேர்த்துக் கெடுக்கிறது.

தெரு ஓவியர்கள் உலகெங்கும் முன்வைக்கும் வாதங்களில் வலுவானது விளம்பரத்தைப் பற்றியது. காசு கொடுத்தவன் என் கண் முன்னால் முப்பதடிக்குக் குளிர்பானப் புட்டியை நிறுத்தலாம், அதற்கு என் சம்மதத்தை எவரும் கேட்பதில்லை. காசில்லாத நான் ஓரடிக்கு ஒரு முகத்தை வரைந்தால் மட்டும் நகரம் அசிங்கமாகிவிடுகிறதா என்பது அவர்கள் கேள்வி. எளிதில் தள்ளிவிட முடியாத கேள்விதான். ஆனால் அது எடுபடாமல் போயிருக்க வேண்டிய நகரம் ஒன்று உண்டு, அதுவும் சாவோ பாவ்லோதான். 2006-இல் மேயர் ஜில்பெர்ட்டோ கசாப் காலத்தில் நிறைவேறி, 2007 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ‘தூய நகரம்’ சட்டம், வெளிப்புற விளம்பரத்தையே தடைசெய்தது. சுமார் 15,000 விளம்பரப் பலகைகள் இறங்கின. கடையின் முகப்பு அகலத்தைப் பொறுத்தே பெயர்ப்பலகையின் அளவு என்று ஆனது. பலகைகள் இறங்கிய இடங்களில், அதுவரை அவற்றின் பின்னால் மறைந்து கிடந்த குடிசைப் பகுதிகள் சாலையில் போவோர் கண்ணுக்குத் தெரிந்தன. பணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பொதுவெளியை எவரும் தனக்கென எடுத்துக்கொள்ளக் கூடாது என்று சொல்லும் தகுதி அன்று அந்த மாநகராட்சிக்கு இருந்தது. உலகில் வேறெந்தப் பெருநகரமும் அந்த அளவுக்கு அதைச் சம்பாதித்திருந்ததாகச் சொல்ல முடியாது. சம்பாதித்ததை அது எப்படித் தொலைத்தது என்பதுதான் இங்கே பார்க்க வேண்டியது.

2008 கோடையில் லண்டனின் டேட் மாடர்ன் அருங்காட்சியகம், தேம்ஸ் ஆற்றைப் பார்த்த தன் வெளிச்சுவரைத் தெரு ஓவியர்களுக்குக் கொடுத்தது. அங்கே வரைந்தவர்களில் சாவோ பாவ்லோவின் இரட்டைச் சகோதரர்களான ‘ஓஸ் ஜெமியோஸ்’ உண்டு. அதே ஆண்டு, சொந்த ஊரில் அவர்கள் வரைந்திருந்த பெரிய சுவரோவியம் ஒன்றின் மேல் மாநகராட்சியின் ஒப்பந்தத் தொழிலாளர்கள் சாம்பல் பெயின்ட் அடித்துவிட்டார்கள். எதிர்ப்பு எழுந்ததும் மாநகராட்சி அதைத் தவறு என்று ஏற்றுக்கொண்டு, அதே இடத்தில் மறுபடி வரையச் செய்தது. இதையொட்டி வந்த ‘சாம்பல் நகரம்’ என்ற ஆவணப்படத்தில், எதை அழிப்பது, எதை விடுவது என்று பெயின்ட் வாளியோடு நிற்கும் தொழிலாளர்களே அந்தந்தச் சுவரின் முன் முடிவு செய்வதைப் பார்க்கலாம். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. கலை எது என்று தீர்மானிக்கும் வேலையைச் சட்டம் யார் தலையிலாவது கட்டத்தான் வேண்டும். நடைமுறையில் அது மிகக் குறைந்த கூலி வாங்குபவர் தலையில் வந்து விழுந்தது. கேட்க வேண்டியது வேறு. அந்த ஓவியம் பெயர் தெரியாத ஒரு பையன் வரைந்ததாக இருந்திருந்தால் அதைத் தவறு என்று மாநகராட்சி சொல்லியிருக்குமா? சாம்பல் அப்படியே நின்றிருக்கும். சட்டம் அழகை அளவுகோலாக வைத்தால் நடைமுறையில் அது புகழை அளக்கிறது. அதுவும் பெரும்பாலும் வெளியூர் கொடுத்த புகழை.

ஒன்பது ஆண்டுகள் கழித்து வந்ததை வாளிக்காரர்களின் தடுமாற்றம் என்று சொல்ல வழியில்லை. மேயர் பெர்னாண்டோ அடாஜியின் காலத்தில், மாநகராட்சியின் அனுமதியோடே, மே 23 நெடுஞ்சாலையின் தடுப்புச் சுவர்களில் 2015-இல் சுமார் 200 ஓவியர்கள் வரைந்திருந்தார்கள். 2017 ஜனவரியில் அடுத்த மேயராக வந்த ஜோவாவோ டோரியா, ‘அழகிய நகரம்’ என்ற திட்டத்தின் பேரில் அவற்றில் பெரும்பகுதியைச் சாம்பலாக்கினார். துப்புரவுத் தொழிலாளர் சீருடையில் தாமே பெயின்ட் அடித்துப் படத்துக்கும் நின்றார். ஓவியங்கள் மங்கிவிட்டன, அவற்றின் மேல் கிறுக்கியிருக்கிறார்கள் என்பது அவர் தரப்புக் காரணம். காரணம் முழுப் பொய்யுமல்ல. ஆனால் பழுதுபட்ட ஓவியத்தைத் திருத்த வரைந்தவர்களையே அழைத்திருக்கலாம். இதே நிர்வாகம் சில மாதங்களிலேயே ‘தெருக்கலை அருங்காட்சியகம்’ என்ற பெயரில் தானே சுவரோவியங்களை வரையச் சொன்னது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அதற்கு ஓவியம் பிரச்சினையில்லை, போன மேயரின் ஓவியம்தான் பிரச்சினை என்று தோன்றாமல் இருக்காது. வீட்டுக்காரர் தன் சுவரில் தனக்குப் பிடிக்காததை அழிக்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. மாநகராட்சிக்கு அந்த உரிமை கிடையாது. சாலைச் சுவர் மேயரின் சொத்தன்று, ஊரார் பொறுப்பில் ஒப்படைத்தது. அனுமதி கொடுத்து வரைந்ததை அழிக்க வேண்டுமானால் காரணம் சொல்லி, வரைந்தவர்களைக் கேட்டு, பாரம்பரியக் காப்புக் குழுவின் முன் வைத்துச் செய்ய வேண்டும். அந்த பிப்ரவரியில் ஒரு நீதிபதி, அத்தகைய குழுவின் ஒப்புதல் இல்லாமல் அழிக்கக் கூடாது என்று தடை போட்டதன் பொருள் இதுதான். அனுமதி பெற்றவனின் ஓவியமும் பெறாதவனின் எழுத்தும் ஒரே சாம்பலுக்கு அடியில் போகுமென்றால், அனுமதி கேட்டு வரிசையில் நில் என்று எந்த முகத்தோடு சொல்வது?

இதிலிருந்து சுவர்கள் எல்லாருக்கும் பொது, யார் வேண்டுமானாலும் வரையலாம் என்ற முடிவுக்குத் தாவுகிறவர்கள் உண்டு. அது தவறு. சின்னக் கடைக்காரர் கடன் வாங்கி வெள்ளையடித்த ஷட்டரில் இரவோடிரவாக ஒருவன் எழுதிவிட்டுப் போனால், மறுநாள் பெயின்ட்டுக்கும் கூலிக்கும் செலவழிப்பது அந்தக் கடைக்காரர். எழுதியவனின் சுதந்திரத்துக்கு விலையை இன்னொருவர், அதுவும் அவனைப் போலவே கையில் காசில்லாத ஒருவர், கொடுக்கிறார். பேச எனக்கு உரிமை உண்டு; உங்கள் வீட்டுக்குள் வந்து பேச உரிமை இல்லை. அனுமதி கேட்டு வரைந்தால் கலையின் பல் பிடுங்கப்பட்டுவிடும் என்ற மறுப்பிலும் ஓரளவே உண்மை இருக்கிறது. நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் ‘ஃபைவ் பாயின்ட்ஸ்’ என்ற பழைய தொழிற்கூடத்தில் உரிமையாளரின் சம்மதத்தோடு ஆண்டுக்கணக்கில் வரைந்தவர்கள், 2013-இல் அவர் ஒரே இரவில் வெள்ளையடித்தபோது நீதிமன்றம் போக முடிந்தது. 2018-இல் 67.5 லட்சம் டாலர் இழப்பீடு கிடைத்தது. ஓவியம் நிலைக்க வேண்டும் என்று கேட்கும் உரிமையைக் கொடுத்தது அந்தச் சம்மதம்தான். சம்மதமில்லாமல் வரைபவர் அந்த உரிமையை விட்டுக்கொடுத்துத்தான் வரைகிறார். இதை அறிந்தே வரைந்தவர் என்று இத்தாலிய ஓவியர் ப்ளூவைச் சொல்லலாம். டேட் சுவரில் ஓஸ் ஜெமியோஸோடு வரைந்தவர் அவர். பொலோன்யா நகரத்துச் சுவர்களிலிருந்த ஓவியங்களைச் சிலர் பெயர்த்தெடுத்துக் கண்காட்சிக்குக் கொண்டுபோனபோது, 2016 மார்ச்சில் அந்த ஊரில் இருபது ஆண்டுகளாகத் தான் வரைந்த ஓவியங்களைத் தானே சாம்பல் பெயின்ட் அடித்து அழித்தார். காப்பாற்றுகிறோம் என்று வந்தவர்களிடமிருந்து அவர் தன் ஓவியத்தைக் காப்பாற்றிய விதம் அது. அதோடு ஊரார் தினமும் பார்த்துப் பழகியதையும் அவர் எடுத்துக்கொண்டு போனார் என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது.

அனுமதியின்றி எழுதுவது தவறு என்றால் அந்தத் தவறுக்கு எவ்வளவு தண்டனை? சின்னக் கிறுக்கலை விட்டுவைத்தால் பெரிய குற்றத்துக்கு அது கதவைத் திறக்கும், ஆகவே கடுமை தேவை என்பது நகர நிர்வாகிகளின் பழக்கமான வாதம். விட்டுவைக்க வேண்டாம், உடனே துடைத்துவிடுங்கள் என்பதுதான் அதற்குப் பதில். துடைப்பதற்குச் சிறை எதற்கு? 2008-ஆம் ஆண்டு, சாவோ பாவ்லோவில் ஈராண்டுக்கொரு முறை நடக்கும் பன்னாட்டுக் கலைக்காட்சி, ஒரு தளத்தை முழுக்கக் காலியாக விட்டு, அந்த வெறுமையையே காட்சி என்றது. தொடக்க நாளில் சுமார் 40 பேர் உள்ளே புகுந்து வெற்றுச் சுவர்களில் பிஷசாவோ எழுதினார்கள். பிடிபட்ட ஓர் இளம்பெண் 50 நாளுக்கு மேல் சிறையில் இருந்தார். அடுத்த கலைக்காட்சிக்கு, 2010-இல், பிஷசாவோக்காரர்களையே விருந்தினராக அழைத்தார்கள். 50 நாள் சிறைக்கு உரிய குற்றம் இரண்டே ஆண்டில் அழைப்பிதழுக்கு உரிய கலையாகிவிட்டது என்றால், தண்டனையை அளந்த கோலில்தான் கோளாறு. 2014-இல் மோக்கா பகுதியில் ஒரு கட்டடத்துக்குள் எழுதப் போன இருவர் காவலர்கள் சுட்டு இறந்தார்கள். எழுத்தைக் கண்டால் அருவருப்பது வேறு, எழுதுகிறவனை ஆபத்தானவன் என்று எண்ணுவது வேறு. குற்றவியல் சட்டம் ஒன்றை மற்றொன்றாக மாற்றிக் கொடுக்கிறது.

சாவோ பாவ்லோவின் 2017 சட்டம் பிஷசாவோவுக்கு 5,000 ரெயால் அபராதம் விதித்தது, நினைவுச்சின்னமென்றால் 10,000. இரட்டிப்பு நியாயமா என்பதும் எளிய கேள்வியில்லை. பூர்வகுடிகளை வேட்டையாடி அடிமைகளாக்கியவர்களைப் போற்றி, 1953-இல் இபிரபுவேரா பூங்காவருகே நிறுவிய ‘பந்தெய்ராஸ்’ நினைவுச்சின்னத்தில் 2013 அக்டோபரில் குவாரனி மக்களின் ஊர்வலத்தின்போது சிவப்புப் பெயின்ட் பூசப்பட்டது. அதன் பொருள் என்ன என்று குவாரனி தரப்பில் வெளிப்படையாகவே எழுதினார்கள். காரணத்தை ஊரறியச் சொன்ன அந்தச் செயலையும், இருட்டில் கடைக்காரரின் ஷட்டரில் எழுதிவிட்டு ஓடுவதையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. அபராதப் பட்டியலோ கல்லின் மதிப்பை மட்டும் பார்த்து முன்னதைக் கடுமையாகத் தண்டிக்கிறது. ஆனாலும் இதே சட்டத்தில் ஒரு நல்ல வழியும் இருக்கிறது: எழுதியவர் கெடுத்ததைச் சரிசெய்து தருவதாக ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தால் அபராதத்திலிருந்து விடுபடலாம். கெட்டது சுவர், அதைச் சரிசெய்வதே பரிகாரம் என்று புரிந்துகொண்ட விதி அது. அதையே முதல் வழியாக்கி, 65-ஆம் பிரிவின் சிறைத் தண்டனையைப் பிரேசில் நாடாளுமன்றம் நீக்க வேண்டும். அனுமதி கொடுத்த ஓவியத்தை ஊராரைக் கேட்காமல் அழிக்க எந்த மேயருக்கும் அதிகாரமில்லை என்பதை அதே மையில் எழுத வேண்டும்.